நடுங்கும் கைக்கு மூளையில் கம்பி

பைக் விபத்தில் தலையில் அடிபட்டுப் பிழைத்துவிட்டேன். வலது கை நடுக்கம் பல மாதம் கழித்துத்தான் வந்தது. இது பெரும்பாலும் இப்படித் தாமதமாகத்தான் தலைகாட்டுமாம். கை மடியில் கிடக்கும்போது கொஞ்சம்தான் ஆடும். டம்ளரைத் தூக்கினால், வாயை நெருங்க நெருங்கப் பேயாட்டம். புரோப்ரனலால், குளோனசெபாம், லெவோடோபா எல்லாம் சாப்பிட்டுப் பார்த்தேன். தூக்கம்தான் வந்தது.

டிபிஎஸ், அதாவது மூளைக்குள் மெல்லிய கம்பி இறக்கி மின்துடிப்பு கொடுக்கும் சிகிச்சை, பற்றிப் பேச்சு வந்தபோது நரம்பியல் டாக்டர் எதையும் மறைக்கவில்லை. பிரான்ஸில் பெனபிட் குழு 1987-இல் தொடங்கிய இந்த முறை, பார்க்கின்சன் நோய் நடுக்கத்துக்கு நன்றாகவே கைகொடுக்கிறது. தலைக்காயத்தால் வரும் நடுக்கத்தில் பலன் ஆளுக்கு ஆள் மாறும். “குறையும்னு நம்பலாம். நிக்கும்னு சொல்ல மாட்டேன்.” சரி என்றேன்.

மரத்துப்போக ஊசி போட்டு, மண்டையில் உலோகச் சட்டத்தைத் திருகி இறுக்கினார்கள். எனக்கு ஆபரேஷனைவிட அதுதான் கொடுமை. துளை போடும்போது விழித்திருந்தேன். மூளைக்கு வலி தெரியாது, ஆனால் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்கும். மூளையின் ஆழத்தில், வலது கைக்குரிய இடது தலாமஸ் என்ற பகுதியில் கம்பியின் மின்முனை இறங்கியதும் அட்டையை நீட்டி, “சுருள் வரைங்க” என்றார்கள். கரண்ட் ஏற ஏறக் கோடு சீரானது. இன்னும் கூட்டியதும் விரல் நுனி ஜிவ்வென்றது, நாக்கு தடித்தது. உடனே குறைத்தார்கள். அப்புறம் மயக்கம் கொடுத்து, காரை எலும்புக்குக் கீழே பேட்டரியைப் பதித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கருவியை ஆன் செய்வதற்கு முன்பே கை அடங்கிவிட்டது. வீட்டில் பாயசமே வைத்துவிட்டார்கள். கம்பி இறங்கிய இடத்து வீக்கத்தால் வரும் தற்காலிக அமைதி அது. வீக்கம் வடிந்ததும் நடுக்கம் திரும்பியது. அம்மாவுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

உண்மையில் ஆபரேஷன் பாதி வேலைதான். மீதி, புரோகிராமிங். நொடிக்கு 130 துடிப்பு அளவில் ஆரம்பித்து, மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கி மாதக்கணக்கில் அலைந்தோம். கூட்டினால் கை நிற்கிறது, பேச்சு குழறுகிறது. நான் போனில் பேசிப் பிழைப்பவன், பேச்சுதான் முக்கியம் என்று முடிவெடுத்தேன். ஸ்பூனில் ரசம் இன்னும் கொஞ்சம் சிந்தத்தான் செய்கிறது. சட்டை பொத்தானை நானே போட்டுக்கொள்கிறேன். விபத்தால் வந்த மறதி அப்படியே இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

யோசிப்பவர்கள் பணம் கட்டும் முன் கேளுங்கள்: புரோகிராமிங் யார் செய்வார், அதற்குத் தனிக் கட்டணமா, பேட்டரி எத்தனை வருடம் வரும்? பிசியோதெரபிக்குப் போனால் டயாதெர்மி (மின்காந்த அலையால் உடலுக்குள் சூடேற்றும் சிகிச்சை) வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மின்முனை சூடேறி மூளையையே சுட்டுவிடும். எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன்பும் கருவி பதித்திருப்பதைச் சொல்லும் அட்டையைக் காட்டுங்கள்.