சண்டை எங்கிருந்து வரும்?

அமெரிக்காவும் சீனாவும் மோதுமா என்று பேச்சு வந்தால் போதும், "இவ்வளவு வியாபாரம் இருக்கும்போது எப்படிச் சண்டை போடுவார்கள்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். முதல் உலகப் போர் வெடித்த 1914ல் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் மட்டும் வியாபாரம் குறைச்சலா என்ன? ஜெர்மன் சரக்குக் கப்பல்கள் பலவற்றுக்கு இன்சூரன்ஸ் கொடுத்ததே லண்டன் லாயிட்ஸ்தான். போதாததற்கு ஜெர்மன் பேரரசர் கைசர் இரண்டாம் வில்ஹெல்மும் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் விக்டோரியா ராணியின் பேரன்கள்.

அதே சமயம், வளர்கிறவனும் வளர்ந்தவனும் முட்டிக்கொள்வது விதி, போர்க்கப்பல் கட்டும் போட்டிதான் போரைக் கொண்டுவந்தது என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 1898ல் ஜெர்மன் கடற்படையை நடத்திய டிர்பிட்ஸின் கடற்படைச் சட்டத்தோடு ஆரம்பித்த போட்டி, 1906ல் பிரிட்டன் டிரெட்நாட் என்ற புது ரகப் போர்க்கப்பலைக் கடலில் இறக்கியதும் சூடுபிடித்தது உண்மைதான், ஆனால் 1912 வாக்கில் ஜெர்மனிக்குக் கையைக் கடித்துவிட்டது, ரஷ்யாவையும் பிரான்சையும் நினைத்துப் பணத்தைத் தரைப்படைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1914 ஜூன் கடைசியில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஜெர்மனியின் கீல் துறைமுகத்துக்கே விருந்தாளியாகப் போயிருந்தன! சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி கைசருக்கு அங்கேதான் வந்தது.

அப்புறம் நடந்தது தெரியும். ஆஸ்திரியா செர்பியா மேல் பழி போட்டுப் பாய்ந்தது; செர்பியாவுக்காக ரஷ்யா, ஆஸ்திரியாவுக்காக ஜெர்மனி, ரஷ்யாவுக்காக பிரான்ஸ், பெல்ஜியத்தின் நடுநிலையைக் காப்பதாக 1839ல் கொடுத்த வாக்குக்காக பிரிட்டன். செப்டம்பர் 22ம் தேதி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து மெட்ராஸ் எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனது. சரயேவோ எங்கே, மெட்ராஸ் எங்கே.

ஒரு மூலையில் நடந்தது, கொடுத்த வாக்குகளால் எல்லாரையும் இழுத்துவிட்டது. அதனால் இப்போதும் நான் கவனிப்பது வரிச் சண்டையை அல்ல, தென்சீனக் கடலில் சீனாவும் பிலிப்பைன்ஸும் உரிமை கொண்டாடும் ஸ்கார்பரோ திட்டு மாதிரி இடங்களைத்தான். 2025 ஆகஸ்டில் அங்கே பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல் கப்பலைத் துரத்திக்கொண்டு போன சீனக் கடற்படைக் கப்பல், கூட வந்த இன்னொரு சீனக் கப்பல் மீதே மோதியது. பிலிப்பைன்ஸ் கப்பல் மீது மோதி ஆட்கள் செத்திருந்தால்? 1951ல் பிலிப்பைன்ஸோடு போட்ட பாதுகாப்பு ஒப்பந்தம் அமெரிக்காவைக் கட்டிப்போட்டிருக்கிறது, கடலோரக் காவல் கப்பலும் அதில் சேர்த்தி என்று வாஷிங்டன் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. பயம் எனக்கு அங்கேதான். 2022 ஆகஸ்டில் அப்போதைய அமெரிக்க மக்கள் சபைத் தலைவர் நான்சி பெலோசி தைவானுக்குப் போன கோபத்தில் அமெரிக்காவோடு ராணுவத் தளபதிகள் மட்டத்துப் பேச்சைச் சீனா நிறுத்தியது, அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் 2023 நவம்பரில் சந்தித்த பிறகுதான் திரும்ப ஆரம்பிக்கச் சம்மதித்தார்கள். 15 மாதம்! கப்பல்கள் மட்டும் அதே கடலில் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.