கோத்தகிரிக்கு வந்த புல்வெட்டி

கோயம்புத்தூர் கடையில் மெஷினை ஸ்டார்ட் செய்து காட்டியபோது ஒரே இழுப்பில் எடுத்தது. அதே மாடல் பெட்டிக்குள் உட்கார்ந்து மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறி எங்கள் வாசலில் இறங்கிய பிறகு, ஒழுங்காகப் புல் வெட்டத் தொடங்குவதற்குப் பதினோரு நாள் ஆனது. அதில் பாதி நாள் எங்கள் அவசரத்தால் போனது, மீதியை இந்த மலைக்காற்று எடுத்துக்கொண்டது.

சித்தப்பாவின் பழைய பங்களாவைத் தங்கும் விடுதியாக நடத்துகிறோம். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று படிக்கட்டு மாதிரி மூன்று புல்தரை, எல்லாம் சேர்த்தால் ஒரு 50 சென்ட் வரும். நீலகிரியில் இருப்பவர்களுக்குக் கிகுயு புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, மழை கிடைத்தால் மெத்தை போல ஓடிப் பரவிவிடும். இத்தனை வருஷமும் தோட்டக்கார அண்ணன்தான் பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெட்டினார். அவருக்கு இப்போது 58 வயது. இரண்டு நாள் வெட்டினால் மூன்றாம் நாள் கையைத் தூக்க முடியவில்லை என்றார். அதனால்தான் பின்னால் நடந்துகொண்டே ஓட்டுகிற, தானே நகர்கிற பெட்ரோல் மெஷின் வாங்கினோம், 21 அங்குல வெட்டு, கமர்ஷியல் மாடல். வீட்டு மாடல் இதைவிட நிறையவே மலிவு, ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை மூன்று நான்கு மணி நேரம் ஓட்டுவதற்கு அது தாங்காது என்று எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் சொல்லிவிட்டார்.

பெட்டியைப் பிரித்ததும் ஏமாற்றம்தான் வந்தது, அவ்வளவு பெரிய பெட்டிக்குள் பூட்ட வேண்டியது கொஞ்சமே இருந்தது. எஞ்சினும் பிளேடும் சக்கரமும் கம்பெனியிலேயே பூட்டி வந்துவிட்டன. ஹேண்டில் மட்டும் மேல் பாதி, கீழ் பாதி என்று மடங்கி, அதோடு கேபிள்கள் தொங்கிக்கொண்டு கிடந்தது. கீழ்க் குழாயை டெக்கில், அதாவது பிளேடை மூடியிருக்கும் உடல் பகுதியில் வைத்து இரண்டு பக்கமும் போல்ட், மேல் பாதியை நிமிர்த்தி இரண்டு திருகு, புல் விழுகிற பையை இரும்புச் சட்டத்தில் இழுத்து மாட்டினால் முடிந்தது. இரண்டு ஸ்பேனர், ஒரு மணி நேரம். முதலில் எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றிவிட்டு, ஹேண்டில் நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். நான் ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறு பக்கம் துளை பொருந்தாமல் சுத்தியலைத் தேடினேன்.

இந்த வேலையில் கவனிக்க வேண்டியது கேபிள். ஹேண்டிலின் குறுக்கே ஒரு வளைகம்பி இருக்கும், அதைக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்திருந்தால்தான் எஞ்சின் ஓடும், விட்டால் அணைந்து பிளேடும் நின்றுவிட வேண்டும். நான் ஹேண்டிலை நிமிர்த்தியபோது அந்தக் கேபிள் மடிப்பின் உள்பக்கம் மாட்டிக்கொண்டதைக் கவனிக்கவில்லை. வெளியே பார்க்க எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. அண்ணன் சும்மா வளைகம்பியை நாலு முறை அமுக்கி அமுக்கி விட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, இது முழுசா திரும்பலையே” என்றார். விரல் அகலம் மிச்சம் நின்றது. கேபிள் இழுபட்டு விறைப்பாக இருந்ததால் கம்பியை விட்டாலும் எஞ்சின் பக்கத்து லீவர் பாதியிலேயே நின்றது. அப்படியே ஓட்டியிருந்தால் கையை எடுத்த பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டிருந்திருக்கும். பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்னாலேயே இதைப் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோக மெஷின்களுக்கு 1982-லிருந்து கையை விட்ட 3 நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, கைவிரலும் கால்விரலும் நிறையப் போன பிறகு வந்த சட்டம்.

அடுத்தது ஆயில். புது எஞ்சினில் ஆயில் இருக்காது. காலியாகத்தான் அனுப்புகிறார்கள், ஹேண்டிலில் ஒரு அட்டையும் கட்டியிருந்தது, அதை நான் விலைச்சீட்டு என்று நினைத்துப் பிய்த்துப் போட்டேன். பெட்ரோல் ஊற்றிக் கயிற்றைக் கையில் பிடித்தபோதுதான் அட்டையின் மறுபக்கத்தில் ஆயில் கேன் படம் போட்டு மேலே குறுக்குக் கோடு போட்டிருப்பது தரையில் கிடந்தபடி கண்ணில் பட்டது. அப்போது இழுத்திருந்தால் புது எஞ்சின் அன்றைக்கே ஜாமாகியிருக்கும். எங்கள் எஞ்சினுக்கு 10டபிள்யூ-30 ரக ஆயில், அரை லிட்டர் சொச்சம். அளவுக் குச்சியைத் துடைத்துவிட்டு உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும், திருகக் கூடாது, திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். இது எங்கள் எஞ்சினுக்கு, உங்களுடையதில் வேறு மாதிரி இருக்கலாம், மெஷினோடு வரும் புத்தகத்தில் அந்த ஒரு பக்கத்தையாவது படியுங்கள்.

பெட்ரோல் தனிக்கதை. பங்கில் பாட்டிலில் தர மாட்டார்கள், தரவும் கூடாது. தகரக் கேன் வாங்கி வைத்திருக்கிறோம். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அதிலும் இங்கே மூடுபனிக்குக் குறைவே இல்லை. அதனால் ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும்தான் வாங்குகிறோம்.

ஆயில் ஊற்றி, சோக்கை இழுத்து, நாலாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. ஆனால் கரும்புகை. புல்லில் இறக்கினால் மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் அடர்த்தி வந்தால் அணைந்துவிடுகிறது. கடைக்குப் போன் செய்தால் “ஏர் ஃபில்டரைத் தட்டிப் போடுங்க சார்” என்றார்கள், பெட்டி பிரித்த அன்றைக்கு ஃபில்டரில் என்ன தூசி இருக்கும்? பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம், கண்மை தீட்டின மாதிரி கருகருவென்று இருந்தது. துடைத்துப் போட்டால் பத்து நிமிஷம் ஓடும், மறுபடி அதே கதை.

மூன்று நாள் இப்படிப் போராடிய பிறகுதான் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் உயரத்தைப் பற்றிய பத்தி கிடைத்தது. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம், நாங்கள் இருப்பது ஏறக்குறைய 1,800 மீட்டர். இங்கே காற்று மெலிசு, ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் ஜெட், அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளை, கீழே சமவெளியில் உள்ள கணக்குப்படியே பெட்ரோலை விடுகிறது, காற்று போதாமல் பெட்ரோல் எரியாமல் கரியாகப் படிகிறது. 1,500 மீட்டருக்கு மேலேயே எப்போதும் ஓட்டுவதாக இருந்தால் ஜெட்டை மாற்றச் சொல்கிறது புத்தகம். மாற்றினாலும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3.5 சதவீதம் சக்தி குறையத்தான் செய்யுமாம். எங்களுக்குக் கணக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. மலையில் இருக்கிறவருக்கு விற்கும்போது இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சின்ன ஜெட் வர ஒரு வாரம் ஆனது, போட்டது கால் மணி நேரம், புகை போய்விட்டது. இந்த மெஷினை நாளைக்குக் கீழே யாருக்காவது விற்றால் பழைய ஜெட்டைத் திரும்பப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடாகும். பழைய ஜெட்டை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு ஹேண்டிலில் கட்டி வைத்திருக்கிறேன்.

வெட்டும் முறை மெதுவாகத்தான் பிடிபட்டது. எங்கள் ஊரில் ராத்திரி காட்டுப்பன்றி வந்து புல்தரையைக் கிண்டும், காட்டுமாடு வந்து மேயும். முந்தின நாள் சுத்தமாக இருந்த இடத்தில் காலையில் முஷ்டி அளவு கல் மேலே வந்து கிடக்கும். அதனால் மெஷினை எடுக்கும் முன் அண்ணன் ஒரு பக்கெட்டோடு முழுத் தரையையும் நடந்துவிடுவார். பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்தால் 21 அங்குல பிளேடின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதில் ஒரு கோலிக்குண்டு அளவு கல் அடிபட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் சமையலறை ஜன்னல் கண்ணாடி ஏற்கெனவே பார்த்துவிட்டது, நல்லவேளை உள்ளே யாரும் இல்லை. இப்போது வெட்டும் நேரத்தில் விருந்தினர் யாரும் அந்தத் தரைப்பக்கம் வரக் கூடாது, குழந்தைகள் இருந்தால் வெட்டுவதே இல்லை. அண்ணன் செருப்போடு வேலை செய்தே பழகியவர், பூட்ஸ் போட வைக்க இரண்டு வாரம் கெஞ்சினேன். கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியை மட்டும் உடனே போட்டுக்கொண்டார், ஸ்டைலாக இருக்கிறதாம்.

சரிவில் இந்த மாதிரி மெஷினைக் குறுக்காக ஓட்ட வேண்டும். மேலும் கீழுமாக ஓட்டினால், ஏறும்போது நாம் வழுக்கினால் மெஷின் நம் மேல் வரும், இறங்கும்போது வழுக்கினால் நம் கால் அதன் அடியில் போகும். நம்மைப் பார்த்துப் பின்னால் இழுப்பதும் கூடாது. மேல்தரைக்கும் நடுத்தரைக்கும் இடையில் உள்ள கரையை நாங்கள் மெஷினால் தொடுவதே இல்லை, அங்கே பழைய பிரஷ் கட்டர்தான். முதல் முறை வெட்டும்போது முழங்கால் உயரப் புல்லை ஒரேயடியாகக் கீழே இறக்க ஆசைப்பட்டு மெஷினைத் திணறடித்தோம், தரையும் மஞ்சளாகிவிட்டது. இப்போது புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு தடவையில் எடுப்பதில்லை.

ஒரு மாதம் கழிந்து பிளேடு மழுங்கியது. அண்ணனே கழற்றி அரம் போட்டு மாட்டினார், மாட்டியது தலைகீழ். பிளேடின் இறக்கை மாதிரி வளைந்த பகுதி எஞ்சினைப் பார்த்து மேலே நிற்க வேண்டும், அதுதான் காற்றைக் கிளப்பிப் புல்லை நிமிர்த்துகிறது. தலைகீழாகப் போட்டால் புல்லை அடித்து நசுக்கும், மறுநாள் நுனியெல்லாம் பழுப்பு. அரம் போட்ட பிறகு நடுத்துளையை ஒரு ஆணியில் மாட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் ஹேண்டில் கையை உலுக்கிவிடும். மெஷினைச் சாய்ப்பதற்கு முன்னால் பிளக் கேப்பைப் பிடுங்கிவிடுவது முதல் வேலை. கார்புரேட்டர் பக்கம் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும். நான் ஒரு முறை மாற்றிச் சாய்த்து ஏர் ஃபில்டரை ஆயிலில் குளிப்பாட்டினேன், அன்றைக்குக் கால் மணி நேரம் வெள்ளைப் புகை.

இனி நான் செய்த பெரிய முட்டாள்தனம். அந்த வளைகம்பியை மணிக்கணக்கில் பிடித்திருந்தால் உள்ளங்கை வலிக்கும். பழைய சைக்கிள் ட்யூபை ரிப்பனாக வெட்டி நான்தான் கம்பியைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினேன், அண்ணன் கட்டவில்லை. நிறைய இடங்களில் இப்படிக் கட்டித்தான் ஓட்டுகிறார்கள், பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மதியம் சாரல். ஈரப் புல் பைக்குப் போகும் வாயில் களி மாதிரி அடைத்துக்கொண்டது. ஆக்ஸிலேட்டரைக் குறைத்துவிட்டு, பையைத் தூக்கி, குனிந்து கையை நீட்டினேன். கையை எடுத்தால் பிளேடு நிற்கும் என்பது அத்தனை பழகிப் போயிருந்தது, கட்டி வைத்தது மறந்தே போச்சு. அண்ணன் எதிர்க்கரையிலிருந்து போட்ட சத்தத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வந்து ஒன்றும் திட்டவில்லை. வேலியிலிருந்து கட்டை விரல் பருமன் உண்ணிச்செடிக் குச்சி ஒன்றை ஒடித்து அந்த வாய்க்குள் நீட்டினார். டக் என்று ஒரு சத்தம்தான், கையில் சாண் அளவு மிச்சம், முனை கத்தியால் சீவின மாதிரி. “இது உங்க விரல் தம்பி” என்று அதை என் கையில் கொடுத்துவிட்டு ட்யூபை அறுத்து எறிந்தார்.

அதற்குப் பிறகு ஈரத்தில் வெட்டுவதில்லை. அடைத்தால் எஞ்சினை அணைத்து, பிளக் கேப்பைப் பிடுங்கி, குச்சியால் தள்ளுகிறோம், அதுவும் பிளேடு நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு. கை வலித்தால் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றிக்கொள்கிறோம்.

கோத்தகிரி கிழக்குப் பக்கம் இருப்பதால் எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போது மெஷினுக்கு விடுமுறை. போன முறை பெட்ரோலோடு அப்படியே நிறுத்திவிட்டு மார்கழியில் கார்புரேட்டரைக் கழுவ 600 ரூபாய் கொடுத்தேன். இந்த முறை டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிட்டு, அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டி, ஆயில் மாற்றித்தான் ஷெட்டில் வைத்தோம். நேற்று பொங்கல் கூட்டம் கிளம்பியதும் புதுப் பெட்ரோல் ஊற்றி இழுத்தேன், மூன்றாவது இழுப்பில் எடுத்தது. ஆனால் மேல்தரையில் ராத்திரி காட்டுமாடு இரண்டு படுத்திருந்திருக்கிறது, சாணியும் குளம்புப் பள்ளமுமாகக் கிடக்கிறது, அண்ணன் பக்கெட்டோடு போயிருக்கிறார்.