ஏற்றத்தாழ்வா, சமத்துவமின்மையா?

நேற்று ஒரு கட்டுரைக்கு மெய்ப்புப் பார்த்தேன். முதல் பத்தியில் 'வருமான ஏற்றத்தாழ்வு'. அடுத்த பத்தியில் அதே விஷயம் 'வருமானச் சமத்துவமின்மை' ஆகிவிட்டது. இரண்டும் ஒன்றுதானே என்றார் எழுதியவர். அகராதிப்படி சரி. ஆனால் காதுக்கு ஒன்றில்லை.

சமத்துவமின்மை என்றால் ஏதோ ஒன்று இல்லை, அவ்வளவுதான். யார் மேலே, யார் கீழே என்று அந்தச் சொல் வாய் திறக்காது. ஏற்றத்தாழ்வு அப்படியில்லை. ஏற்றமும் தாழ்வும் சொல்லுக்குள்ளேயே நிற்கின்றன. ஒருவர் உயரத்தில் இருக்கிறார், இன்னொருவர் கீழே. படம் தானாக வந்துவிடுகிறது. அதனால் என் ஓட்டு அதற்கே.

பாகுபாடு வேறு. அது ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது. 'பாகுபாடு காட்டினார்' என்போம், 'ஏற்றத்தாழ்வு காட்டினார்' என்று யாரும் சொல்வதில்லை. விலை ஏறி இறங்குவதையும் சிலர் ஏற்றத்தாழ்வு என்று எழுதுகிறார்கள். அதற்கு 'ஏற்ற இறக்கம்' இருக்கிறதே! இறங்கியது மறுபடி ஏறும். தாழ்ந்தது அங்கேயே கிடக்கும்.

ஏற்றத்தாழ்வுக்கு ஆங்கிலத்தில் inequality. அதே சொல் கணக்கில் வருவது தனிக்கதை. x > 5 என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் அசமன்பாடு என்கிறது, இலங்கையில் சமனிலி. அந்த > குறி ஆங்கிலேயக் கணிதவியலாளர் தாமஸ் ஹாரியட்டின் நூலில், அவர் இறந்து பத்தாண்டு கழித்து, 1631இல் அச்சேறியது. சமனிலி எனக்குப் பிடித்த சொல், சின்னதாக இருக்கிறது. ஆனால் 'வருமானச் சமனிலி' என்று எழுதினால் ஆசிரியர் என்னை அடிக்க வருவார்.

கட்டுரையில் எல்லா இடத்திலும் ஏற்றத்தாழ்வு என்றே மாற்றிவிட்டேன். தலைப்பை மட்டும் விடமாட்டேன் என்கிறார் எழுதியவர்.