அக்காவின் லேமினேட்டர்

பிப்ரவரி 3

இஸ்திரிப் பெட்டிக்கும் எனக்கும் இன்றோடு ஒத்துவரவில்லை. வீட்டிலேயே செய்யும் சர்க்யூட் பலகைகளில் நாலாவதும் வீண். லேசர் பிரிண்டரில் வழவழப்பான தாளில் சர்க்யூட்டை அச்செடுத்து, அதைச் செம்புப் பலகை மேல் கவிழ்த்து, சூடாக அழுத்தித் தேய்த்தால் டோனர் (பிரிண்டரின் மைப்பொடி) உருகிச் செம்பில் ஒட்டும். தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்தால் ட்ராக்குகள், அதாவது மின்சாரம் ஓட வேண்டிய கோடுகள், மட்டும் டோனராகப் பலகையில் நிற்கும். டோனர் மூடாத செம்பைப் பிறகு ரசாயனக் கரைசலில் கரைத்துவிடலாம். சொல்லும்போது இவ்வளவுதான். செய்யும்போது நடுவில் அழுந்தினால் ஓரம் அழுந்தாது. ஓரத்தைக் கவனித்தால் நடுக்கோடுகள் நசுங்கி ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். இன்றைய பலகையில் ஐசியின் கால்களை சால்டர் செய்யும் மூன்று பேட்கள் ஒரே திட்டாகிவிட்டன.

அக்காவிடம் ஒரு பழைய லேமினேட்டர் சும்மா கிடந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டாள். "திருப்பிக் கொடுக்கும்போது வேலை செய்யணும்டா" என்று ஒரே நிபந்தனை. தலையை ஆட்டிவிட்டு வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 4

நாலு திருகு, மேல்மூடி கழன்றுவிட்டது. உள்ளே இரண்டு சிலிக்கோன் ரப்பர் ரோலர்கள், அவற்றை அரைவட்டமாக அணைத்தபடி அலுமினியக் கூடுகள், கூட்டின் முதுகில் ஹீட்டர் பட்டைகள். கூட்டின் மேல் பொத்தான் மாதிரி ஒரு பைமெட்டல் தெர்மோஸ்டாட், சூடு ஏறினால் ஹீட்டரை நிறுத்தும் சுவிட்ச். பக்கத்தில் வெள்ளை உறைக்குள் தெர்மல் ஃபியூஸ், சூடு அளவு மீறினால் உருகி மின்சாரத்தை ஒரேயடியாக வெட்டிவிடும். அதன் மேல் 152 டிகிரி என்று இருக்கிறது. ஓரமாக ஒரு குட்டி மோட்டாரும் நைலான் கியர்களும். அவ்வளவு எளிமையான பொருள்.

1.6 மி.மீ. பலகை வாசலிலேயே நின்றுவிட்டது. மூடியின் பிளாஸ்டிக் வாயை அரத்தால் ராவி அகலப்படுத்தினேன். அப்புறம் உள்ளே போனது. போன மறுநொடி கடகடவென்று சத்தம். பலகை ரோலர்களை விலக்கும்போது கியர்களும் சேர்ந்து விலகுகின்றன, பற்கள் நுனியில் மட்டும் கவ்வி வழுக்குகின்றன. ஒரு பல் உடைந்தால் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது? உடனே நிறுத்தினேன்.

பிப்ரவரி 5

தோல்வியை ஒப்புக்கொண்டு 0.8 மி.மீ. பலகைக்கு மாறினேன். கியர் சத்தமே இல்லை. என் பலகைகள் உள்ளங்கை அளவுதான், மெல்லியதாக இருப்பதால் எந்தக் குறையும் இல்லை. வெட்டிய ஓரத்தில் பிசிர் நின்றால் மட்டும் ஆபத்து. அது ரோலரைக் கீறுவதோடு தாளையும் தூக்கிப் பிடித்துவிடும். நாலு ஓரத்தையும் அரத்தால் இழைத்து, முகத்தைப் பச்சை நாரால் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு விரலே படக்கூடாது.

பிப்ரவரி 10

எதையும் மாற்றாமல் பத்து தடவை விட்டுப் பார்த்தேன். தாளை உரித்தால் பாதி டோனர் தாளோடு வந்துவிட்டது. மெல்லிய கோடுகள் பரவாயில்லை. ஓரத்தில் சுற்றி வரும் அகலமான கிரவுண்டு பகுதிதான் சொட்டை சொட்டையாக இருக்கிறது.

கூட்டின் மேல் தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் இரட்டைக் கம்பி) ஒட்டி அளந்தேன். 112-க்கும் 128-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. பைமெட்டல் அப்படித்தான், ஒரு சூட்டில் விடும், நன்றாக ஆறிய பிறகுதான் மறுபடி சேரும். பிளாஸ்டிக் உறைக்கு இது தாராளம். டோனருக்குப் போதாது. ஆக, சூடுதான் குறை என்று முடிவு கட்டினேன். (இந்த முடிவு பாதிதான் சரி. அது தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.)

பிப்ரவரி 11

தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு அதன் இடத்தில் கே வகைத் தெர்மோகப்பிள், அதன் அளவைப் படிக்க மேக்ஸ்6675 சில்லு, எல்லாவற்றையும் கட்டுப்படுத்த அர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகை, ஹீட்டரை இயக்க ஒரு சாலிட் ஸ்டேட் ரிலே (அசையும் பாகமில்லாத மின் சுவிட்ச்). முதலில் ஒரு மணி நேரம் அளவு அசையவே இல்லை. அந்தச் சில்லுக்கு ஒரு தடவை அளந்து முடிக்க 0.22 நொடி வரை வேண்டும், நான் 0.1 நொடிக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அது அளப்பதைப் பாதியில் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. அரை நொடிக்கு ஒரு தடவை கேட்டதும் சரியாயிற்று.

அப்புறம்தான் உண்மையான கூத்து. சுவிட்சைப் போட்டேன். திரையில் 29. கொஞ்ச நேரத்தில் 24. பிறகு 15. சூடேற வேண்டிய பொருள் குளிர்கிறதே, கம்பி கழன்றிருக்கும் போல என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 0 வந்தது. அங்கேயே நின்றது. சூடான ரப்பர் வாடை மூக்கில் ஏறியபோதுதான் உறைத்தது: தெர்மோகப்பிளின் இரண்டு கம்பிகளையும் மாற்றி மாட்டியிருக்கிறேன். சூடு ஏற ஏற அளவு இறங்கும். அந்தச் சில்லுக்கு 0-க்குக் கீழே காட்டத் தெரியாது. அர்டுயினோவோ இன்னும் குளிர்கிறதே என்று ஹீட்டரை முழு வேகத்தில் விட்டுக்கொண்டே இருந்தது.

பிளக்கைப் பிடுங்குவதற்குள் தெர்மல் ஃபியூஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. தெர்மோஸ்டாட்டோடு அதையும் தூக்கி எறியலாமா என்று காலையில் யோசித்தவன் நான்தான்.

பிப்ரவரி 17

புது ஃபியூஸ் 192 டிகிரிக்கு வாங்கினேன். நான் வைக்கப்போகும் 155-க்கு மேலே, ரப்பர் கெடும் சூட்டுக்குக் கீழே. இரண்டாக வாங்கியது புண்ணியம். முதலாவதை சால்டர் வைத்து இணைத்தேன், மல்டிமீட்டரில் தொடர்பே இல்லை. சால்டரிங் சூட்டிலேயே உருகிவிட்டது! வேறென்ன நடக்கும், அதற்காகத்தானே அதைச் செய்திருக்கிறார்கள். இரண்டாவதன் காலை மூக்குக் குறட்டால் பிடித்து, ஸ்லீவ் வைத்து நசுக்கி இணைத்தேன். ரிலேக்கு முன்னாலேயே ஃபியூஸ் வருகிற மாதிரி போட்டிருக்கிறேன். இந்த வகை ரிலே கெட்டுப்போனால் பெரும்பாலும் மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கும் நிலையிலேயே கெடும், அர்டுயினோ என்ன சொன்னாலும் கேட்காது.

இரண்டு கம்பி வயரை மாற்றி எர்த்தோடு மூன்று கம்பி வயர் போட்டேன்; எர்த் அலுமினியக் கூட்டில் திருகோடு. தெர்மோகப்பிள் நுனிக்கும் கூட்டுக்கும் இடையே சூடு தாங்கி மின்சாரத்தைத் தடுக்கும் கேப்டன் (Kapton) டேப். மெயின்ஸ் இருக்கிற கூட்டில் ஒட்டிய கம்பியின் மறுமுனை என் லேப்டாப்பின் யூஎஸ்பியில் இருந்தது என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. இனி அர்டுயினோவுக்குத் தனி அடாப்டர்.

பிப்ரவரி 18

155-ல் பிடித்து நிறுத்துகிறது, இரண்டு டிகிரிக்கு மேல் ஆடவில்லை. ஆசையாக ஒரு பலகை விட்டேன். முன்னைவிட நல்லது, ஆனால் கிரவுண்டு பகுதியில் சொட்டை போகவில்லை. சரி, 180-க்கு ஏற்றிப் பார்ப்போம். டோனர் கூழாகி, 0.3 மி.மீ. கோடுகள் பரவிப் பக்கத்துக் கோட்டைத் தொட்டன. பலகையும் லேசாக வில் மாதிரி வளைந்தது. சாதாரண எஃப்ஆர்4 (கண்ணாடி இழை) பலகையின் பசை 130, 140 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். அதே பலகையில் இரண்டு மி.மீ. தள்ளிச் சொட்டை. அளவுக்கு மேல் வெந்த இடமும் வேகாத இடமும் பக்கத்துப் பக்கத்தில்!

பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். ரோலர் நிமிடத்துக்கு 300 மி.மீ. இழுக்கிறது, அதாவது நொடிக்கு 5 மி.மீ. ரப்பர் நசுங்கிப் பலகையில் படும் அகலம் 3 மி.மீ. இருக்கும். அப்படியானால் பலகையின் எந்தப் புள்ளிக்கும் ரோலரின் சூடு 0.6 நொடிதான். தாள் வழியாக அந்த நேரத்தில் போகும் சூட்டையும் செம்பு நாலாபக்கமும் இழுத்து அடியில் இருக்கும் கண்ணாடி இழைக்குக் கொடுத்துவிடுகிறது. பத்து தடவை விட்டாலும் ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஆறிவிடுகிறது.

இத்தனை நாள் நான் குறை சொல்ல வேண்டியது தெர்மோஸ்டாட்டை அல்ல, மோட்டாரை.

இரவு ரோலர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தபோது, ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் நினைவு வந்தது. 1938 அக்டோபர் 22-ல் முதல் உலர் நகலை அவர் எடுத்தது கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில். அதன் மேல் லைக்கோபோடியம் பொடியைத் தூவி, ஊதிவிட்டு, மிஞ்சிய பொடியை மெழுகுத் தாளில் ஒற்றி, சூடுகாட்டி நிலைக்க வைத்தார். உலோகத்திலிருந்து தாளுக்கு. நான் படும் பாடெல்லாம் அதைத் தலைகீழாகச் செய்வதற்கு.

பிப்ரவரி 24

மோட்டாரின் வேகத்தைக் குறைக்க முதலில் ஒரு டிம்மர் போட்டேன். வேகம் குறையவே இல்லை. முனகியது, பிறகு நின்றது. லேபிளைப் பார்த்த பிறகு புரிந்தது. 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 5 சுற்று, சிங்க்ரனஸ் மோட்டார். மின்சாரத்தின் அலையோடு பூட்டிக்கொண்டு சுற்றும். வோல்டேஜைக் குறைத்தால் வலு போகும், வேகம் போகாது.

விட்டு விட்டு ஓட்டுவதுதான் வழி. இரண்டாவது ரிலே, 0.1 நொடி ஓட்டம், 0.3 நொடி ஓய்வு. மோட்டார் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் முன்னும் பின்னும் உதறியது. ஒரு நொடி ஓட்டம், மூன்று நொடி ஓய்வு என்று வைத்ததும் ஒழுங்காக நகர்ந்தது. வேகம் கால்வாசி. இனி கவலையில்லை என்று நினைத்தேன்.

தாளை உரித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. பலகை முழுக்க வரிக்குதிரை. ஒரு பட்டை கச்சிதம், அடுத்த பட்டை சொட்டை, மறுபடி கச்சிதம். ஸ்கேல் வைத்து அளந்தேன்: நல்ல பட்டை 3 மி.மீ., கெட்ட பட்டை 2 மி.மீ., இரண்டும் சேர்ந்து சரியாக 5. ஒரு நொடி ஓட்டத்தில் பலகை 5 மி.மீ. தாவுகிறது. ரோலர் நின்று அழுத்துவதோ 3 மி.மீ. மட்டும். மிச்ச 2 மி.மீ. வழக்கம்போல ஓட்டத்திலேயே கடந்துபோயிருக்கிறது. ஊகமாக எழுதிய அந்த 3 மி.மீ.யைப் பலகையே அளந்து காட்டிவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே சூடு, ஒரே அழுத்தம், நேரம் மட்டும் வேறு. இதைவிடத் தெளிவான சோதனையை நான் திட்டமிட்டும் செய்திருக்க மாட்டேன். இந்தப் பலகையைக் கரைக்கப்போவதில்லை, அப்படியே வைத்துக்கொள்ளப்போகிறேன்.

பிப்ரவரி 25

அரை நொடி ஓட்டம், ஒன்றரை நொடி ஓய்வு. தாவல் 2.5 மி.மீ., ரோலர் படும் அகலத்துக்குள் அடங்குகிறது. 155 டிகிரி, மூன்றே தடவை. 60 மி.மீ. பலகை ஒரு தடவை கடக்க 48 நொடி.

வெந்நீரில் பத்து நிமிடம் ஊறிய தாளைக் கட்டைவிரலால் தள்ளினேன். நனைந்த தோல் மாதிரி மொத்தமாக வழுகி வந்தது. அடியில் கரேலென்று எல்லாக் கோடும், பேட்களின் நடுவில் ஊசிமுனை அளவு துளைகூட வட்டமாக. ஃபெரிக் குளோரைடைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி, பலகையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்; பதினைந்து நிமிடத்தில் வேண்டாத செம்பெல்லாம் போய்விட்டது. கிரவுண்டு பகுதியில் சொட்டை இல்லை. ஆட்டிய கையின் சட்டையில் மஞ்சள் கறை, அது சட்டையின் ஆயுள் வரைக்கும்.

மார்ச் 2

இந்த வாரம் மூன்று பலகை, மூன்றும் தேறின. ஒரு முட்டாள்தனமும் செய்தேன். டோனர் இன்னும் இறுகட்டும் என்று, தாள் உரித்த பலகையை வெறுமனே மறுபடி உள்ளே விட்டேன். கொஞ்சம் டோனர் ரோலரில் ஒட்டிக்கொண்டது. ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். போய்விட்டது என்று நினைக்கிறேன்.

மார்ச் 9

அக்கா வந்தாள். கையில் பிள்ளையின் பள்ளி அட்டவணை. "இதை லேமினேட் பண்ணிக் குடு, மெஷினையும் எடுத்துக்கிட்டுப் போறேன்."

இந்த நாளுக்காகவே ஒரு சுவிட்ச் வைத்திருந்தேன். தள்ளினால் 115 டிகிரி, மோட்டார் நிற்காமல் பழைய வேகத்தில் ஓடும். உறை சமர்த்தாக உள்ளே போய், சுருக்கமில்லாமல் வெளியே வந்தது. நான் பெருமையாக நீட்டினேன். அவள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"கணக்குப் பாடத்துக்கு மேல என்னடா இது, ஆர்7?"

மங்கலாக, ஆனால் அழகான எழுத்தில், என் ஏழாவது ரெசிஸ்டர். மெஷினை இன்னும் ஒரு வாரம் நானே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.