காட்பாடி வெயிலில் ஒரு பனியாறு

அக்னி நட்சத்திரம், காட்பாடியில் மின்விசிறி அனலைத்தான் தள்ளுகிறது, நானோ மடிக்கணினியில் நானே எழுதிய நிரலில் இமயமலைப் பனியாறு ஒன்றை மாதிரியாக ஓடவிட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா எட்டிப் பார்த்து, "அதுல ஒரு கட்டி எடுத்து மோருல போடுடா" என்கிறார்.

பனிக்கட்டி திடப்பொருள்தான், ஆனால் தன் எடையாலேயே கெட்டி மாவு போல மெல்ல வழியும். பனிக்கட்டி எப்படி வழியும் என்று சொல்லும் கிளென் விதிப்படி, தகைவு (பரப்பளவுக்கு இவ்வளவு என்று உள்ளே தாங்கும் விசை) இரட்டித்தால் உருமாறும் வேகம் 8 மடங்கு. நான் பயன்படுத்தும் எளிய சமன்பாட்டில், சரிவு மாறாமல் தடிமன் இரட்டித்தால் மேற்பரப்பு வேகம் 16 மடங்கு! அடிப்பாறையின் ஆழம் கொஞ்சம் தப்பினாலும் கணக்கு எங்கோ போய்விடும்.

என் தலைவலி வேறு. பனிப்பொழிவைப் பூஜ்யமாக வைத்தும் செங்குத்துப் பாறைக்குக் கீழே பனி தானாகக் கூடிக்கொண்டே போனது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் பிடிபட்டது: நிரல் மலையைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது; மேல் கட்டத்தில் இருந்ததைவிட அதிகப் பனி ஒரே காலத் தாவலில் கீழ்க் கட்டத்துக்கு இறங்கியிருக்கிறது, மேல் கட்டத்தில் தடிமன் மைனஸ் 4 மீட்டர், அதை நிரல் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிட, அந்த 4 மீட்டர் ஓசிப் பனி. எழுதினவன் நான்தான், யாரைத் திட்ட?

சரி, இருப்புக்கு மேல் வெளியே போகாதபடி கட்டுப்பாடு போட்டேன், கணக்கு நேரானது. ஆனாலும் இந்தச் சமன்பாடு சரிவு குறைந்த, அகன்ற பனிப்பரப்புகளுக்கானது. செங்குத்துக்கு, பாகுத்தன்மையுள்ள பொருளின் ஓட்டத்தை எல்லா விசைகளோடும் கணக்கிடும் முழு ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் வேண்டும், அதை இந்த வெயிலில் என் மடிக்கணினி தாங்காது.