வேர்க்காத விளையாட்டு

பாளையங்கோட்டையில் நம் பள்ளி பி.டி. சாருக்கு விளையாட்டு என்றால் ஹாக்கி, கபடி, ஓட்டம். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. செஸ் பலகையும் அவர் அறையில்தான் இருந்தது, ஆனால் பீரோவின் அடித்தட்டில், உடைந்த ஹாக்கி மட்டைகளுக்குக் கீழே. மழை பெய்து மைதானம் சேறானால் மட்டும் வெளியே வரும். டிரில் பீரியடில் செஸ் ஆடலாமா என்று கேட்டவனுக்கு அவர் சொன்ன பதில் எண்பதுகளில் படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும்: "வேர்க்கலைன்னா அது வெளையாட்டாலே? போ, ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வா."

பாளையங்கோட்டை வெயிலில் சும்மா நின்றாலே வேர்க்குமே சார் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்க, அந்த வரிசையே ஓடியது தனிக்கதை.

சாரைக் குறை சொல்லவும் முடியாது. நம் சீமை அப்படி. கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி என்றால் உயிர். தாமிரபரணிப் பாசனக் கிராமங்களில் அறுவடை முடிந்த வயலில் கோடு கிழித்தால் அது கபடிக் களம். 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய மணத்தி கணேசன் இந்த மண்ணிலிருந்து போனவர்தான். இப்படிப்பட்ட ஊரில், நாற்காலியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசிப்பவனை விளையாட்டு வீரன் என்று சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

1988-இல் விஸ்வநாதன் ஆனந்த் செஸ்ஸின் உயரிய பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியர் ஆனார். அதற்கான கடைசித் தகுதியை அவர் எட்டியது கோயம்புத்தூரில் நடந்த போட்டியில். பேப்பரில் அவர் படத்தைப் பார்த்த பிறகு எங்கள் வகுப்பில் பாதிப் பேர் திடீரென்று செஸ்காரர்கள் ஆகிவிட்டோம். பள்ளிகளுக்கிடையேயான போட்டிப் பட்டியலிலும் செஸ் இருந்ததால் சார் வேண்டாவெறுப்பாக ஒரு அணியை எழுதிக்கொண்டார்.

அப்புறம்தான் சிக்கல். ஹாக்கி அணி வெளியூர் போனால் ஓ.டி. (வகுப்பில் இல்லாவிட்டாலும் வருகைப் பதிவு) உண்டு, பஸ் காசு உண்டு, ஆட்டம் முடிந்தால் பரோட்டாவும் சால்னாவும் உண்டு. செஸ் அணிக்கு? "உக்காந்திருக்கவனுக்கு என்னத்துக்குலே பரோட்டா? டீயும் வடையும் போதும்." செஸ் விளையாட்டா இல்லையா என்ற கேள்வி எங்களுக்குப் பரோட்டா வடிவில்தான் வந்தது. இப்போது யோசித்தால், உலகத்தில் எல்லா இடத்திலும் அது ஏறக்குறைய அந்த வடிவில்தான் வருகிறது. யாருக்குக் காசு, யாருக்கு வருகைப் பதிவு, யாருக்குச் சான்றிதழ் என்ற பேச்சு வராதவரை ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

தென்காசிப் போட்டியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். அப்போது தென்காசி தனி மாவட்டமாகவில்லை. ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாக ஹாக்கிக்காரர்களும் நாங்களும் ஒரே பஸ்ஸில் போனோம். நல்ல சாரல் காலம். ஹாக்கி அணி மதியத்துக்குள் ஆடி முடித்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்தருவிக்குக் கிளம்பிவிட்டது. நாங்கள் ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம்.

பள்ளியில் நாங்கள் ஆடியதெல்லாம் கடிகாரமே இல்லாத செஸ். எதிராளி யோசிக்கும் நேரத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், வாத்தியார் வருகிறாரா என்று எட்டிப் பார்க்கலாம், வைத்த காயைக் கெஞ்சித் திரும்ப எடுக்கலாம். தென்காசியில்தான் முதன்முதலாக இரண்டு முகம் கொண்ட அந்த மரக் கடிகாரத்தைப் பார்த்தோம். நம் காயை நகர்த்திப் பொத்தானை அமுக்கினால் நம் நேரம் நிற்கும், எதிராளியின் நேரம் ஓடும். முள் பன்னிரண்டை நெருங்கும்போது ஒரு சிறு சிவப்புக் கொடியைத் தூக்கும். கொடி விழுந்தால் ஆட்டம் போச்சு. தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும்.

எங்கள் முதல் பலகையில் ஆடியவனுக்குக் 'குதிரை' என்று பட்டப்பெயர். எந்த நிலையிலும் குதிரையைத்தான் முதலில் எடுப்பான். அன்று பிரமாதமாக ஆடினான். ஒரு யானை கூடுதலாக வைத்திருந்தான். ஆனால் யோசித்து யோசித்து நேரத்தைத் தின்றுவிட்டான். கடைசிச் சில நிமிடங்களில் அவன் கை நடுங்கியது எங்களுக்கே தெரிந்தது. வெளியே சாரல், ஜன்னல் வழியாகக் குளிர்காற்று; அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு எட்டிப் பார்த்த பி.டி. சார் என் காதருகே குனிந்து, "ஏலே, இவனுக்கு ஏன் இப்படி வேர்க்கு? காய்ச்சலா?" என்றார்.

கொடி விழுந்தது. யானை கூடுதலாக இருந்தும் தோற்றான்.

திரும்பும்போது பஸ்ஸில் இதைப் பற்றித்தான் பேச்சு. எங்களைக் கேலி செய்துகொண்டே இருந்த ஹாக்கி கேப்டன் விவரத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "விசில் ஊதுன பொறவு போட்ட கோலு கோல் இல்லைல்லா? அப்ப சரி, இதுவும் வெளையாட்டுதான்" என்றான். இந்த விஷயத்தில் நான் படித்த, கேட்ட எத்தனையோ வாதங்களில் இதற்கு மேல் ஒன்றைக் காணவில்லை. கபடியில் பாடிப் போகிறவனுக்கு ஒரு மூச்சு; மூச்சு தீர்ந்தால் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அவுட். திண்ணையில் சாவகாசமாக ஆடும் செஸ் பொழுதுபோக்குதான், சார் சொன்னது சரி. கடிகாரம் வைத்துவிட்டால் அது வேறு ஆட்டம்.

அன்று சார் எங்களுக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஓ.டி. நோட்டில் எங்கள் பெயர்களை 'இதர' என்ற தலைப்பில்தான் எழுதினார். அர்ஜுனா விருது தொடங்கிய 1961-ஆம் ஆண்டிலேயே அதைச் செஸ்ஸுக்காக மானுவல் ஆரோன் பெற்றார் என்று ஒருவன் எடுத்துச் சொன்னான். "அது டெல்லிக்காரன் குடுத்தது" என்று சொல்லிவிட்டார். பிறகு கேல் ரத்னா விருது ஏற்படுத்தப்பட்டபோது அதன் முதல் விருது ஆனந்துக்குப் போனது. அதற்குள் நாங்கள் பள்ளியை விட்டு வந்துவிட்டதால் சார் என்ன சொன்னார் என்று தெரியாமல் போனது.

வேர்வைக் கணக்கிலேயே பேசினாலும் செஸ்காரர்களிடம் பதில் உண்டு. 1984 செப்டம்பரில் மாஸ்கோவில் தொடங்கிய கார்போவ்–காஸ்பரோவ் உலக செஸ் பட்டப் போட்டி 48 ஆட்டங்கள் ஆகியும் முடியாமல், 1985 பிப்ரவரியில் பாதியில் நிறுத்தப்பட்டது. கார்போவ் பத்து கிலோ அளவுக்கு இளைத்துவிட்டார் என்பார்கள். 2008-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் உக்ரைன் வீரர் இவான்சுக் கடைசி ஆட்டத்தில் தோற்ற ஆத்திரத்தில் தூணை உதைத்துவிட்டு, ஊக்கமருந்துச் சோதனைக்கு நிற்காமல் போய்விட்டார். செஸ்ஸுக்கு என்ன ஊக்கமருந்து என்று சிரிக்கத் தோன்றும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-இல் செஸ் கூட்டமைப்பை அங்கீகரித்ததன் கூடவே வந்த சடங்கு அது.

இங்கே பிரிட்டனுக்கு வந்த பிறகு பார்த்தால் பி.டி. சாருக்கு இங்கேயும் பெரிய கூட்டம் இருக்கிறது. விளையாட்டுகளுக்கு நிதி கொடுக்கும் ஸ்போர்ட் இங்கிலாந்து அமைப்புக்கு உடலுழைப்பு இல்லாதது விளையாட்டே இல்லை. 2015-இல் பிரிட்ஜ் சீட்டாட்டக்காரர்கள் இதை எதிர்த்து லண்டன் உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஆனால் இதே நாட்டின் 2011 அறக்கட்டளைச் சட்டம், உடல் திறனோ மனத் திறனோ எதைக் கொண்டு உடல்நலம் வளர்த்தாலும் விளையாட்டுதான் என்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது 1944-இல் வந்த ஒரு தீர்ப்பு. போர்ட்ஸ்மத் நகரத்துப் பையன்களுக்கு ஆண்டுதோறும் செஸ் போட்டி நடத்த ஒருவர் 5,000 பவுண்டு கொடுத்திருந்தார். அது கல்விக்கான தர்மம்தான் என்று நீதிபதி ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட கையோடு, செஸ்ஸை விட்டால் டிராஃப்ட்ஸ் என்ற பலகை ஆட்டம் வரும், அப்புறம் சீட்டாட்டம் வரும், கடைசியில் தபால்தலையும் பறவை முட்டையும் சேகரிப்பவர்கள்கூட வந்து நிற்பார்களே என்று கவலையும் பட்டார். நம் சார் கவலைப்பட்டதும் இதற்குத்தான். செஸ்ஸுக்குப் பரோட்டா கொடுத்தால் அடுத்து கேரம்காரன் வந்து நிற்பானே!

நம் பழைய மாணவர் சங்கச் செயலாளர் அண்ணாச்சிக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்கு இந்த ஆண்டு அனுப்பும் பொருள்களோடு செஸ் கடிகாரங்கள் சிலவும் சேர்த்து அனுப்பலாம். பலகையும் காயும் வேண்டாம், அவை திருநெல்வேலியிலேயே சல்லிசாகக் கிடைக்கும். கடிகாரத்துக்குத்தான் பள்ளிகள் காசு ஒதுக்க யோசிக்கும். டிஜிட்டல் கடிகாரம் என்றால் பேட்டரியும் கூடவே வைத்து அனுப்புங்கள். கணக்கில் தயவுசெய்து 'இதர' என்று போட்டுவிட வேண்டாம், ஹாக்கி மட்டைக்கு அடுத்த வரியில் எழுதுங்கள்.