குட்டியை விற்கிறவர்தான் முழுப் பாம்புக்கும் பொறுப்பு

கேரள, தமிழ்நாட்டு எல்லையோரம் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் மீன், லவ் பேர்ட்ஸ், முயல், அதுகளுக்கான தீனி எல்லாம் விற்கிற சின்னக் கடை என்னுடையது. பொள்ளாச்சி ரோட்டில் இருப்பதால் இந்தப் பக்கம் சித்தூர், வேலந்தாவளம், அந்தப் பக்கம் கோபாலபுரம், நெகமம் வரையிலிருந்து ஆட்கள் வருவார்கள். கடைக்குள் பாதிப் பேச்சு தமிழ், பாதி மலையாளம். சில வருடங்களாக இரண்டு மொழியிலும் ஒரே கேள்வி வருகிறது: "அண்ணா, பால் பைதான் வரவைக்க முடியுமா?" பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பந்து (ball) போலச் சுருண்டுகொள்கிற ஒரு வெளிநாட்டு மலைப்பாம்பு அது. கொஞ்சம் தைரியமான பையன்கள் அடுத்த படிக்குப் போவார்கள், பர்மீஸ் (பர்மா மலைப்பாம்பு) கிடைக்குமா, அனகோண்டா கிடைக்குமா என்று. விற்க மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். ஏன் என்பதை ஒவ்வொருவரிடமும் கல்லாவில் நின்றுகொண்டு விளக்க நேரம் இருப்பதில்லை, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. எனக்குப் பாம்பு பிடிக்கும். மழைக்காலத்தில் வாய்க்கால் ஓரம் மலைப்பாம்பு படுத்திருந்தால் வண்டியை நிறுத்திப் பார்க்கிற ஆள் நான். பிடிக்கும் என்பதால்தான் இந்த வியாபாரம் நடக்கிற விதத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

விற்கிற நேரத்தில் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவது குட்டி மட்டும்தான். பர்மா மலைப்பாம்பின் குட்டி முட்டையிலிருந்து வரும்போது இரண்டு அடி கூட இருக்காது. உள்ளங்கையில் சுருண்டு படுக்கும், போட்டோவுக்கு அழகாக இருக்கும். நன்றாகத் தீனி கிடைத்தால் ஒரே வருடத்தில் ஆறு ஏழு அடிக்கு வந்துவிடும். வளர்ந்த பெண் பாம்பு பதினைந்து அடியையும் தாண்டக்கூடும். 2022இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பிடிபட்டதாக அறிவித்த ஒரு பர்மா மலைப்பாம்பு கிட்டத்தட்ட 18 அடி நீளம், 98 கிலோ எடை, வயிற்றில் வளர்ந்துகொண்டிருந்த முட்டைகள் மட்டும் 122. ரெட்டிகுலேட்டட் பைதான் இன்னும் நீளமாகப் போகும், பச்சை அனகோண்டா இன்னும் கனமாகும். இரண்டு சிமெண்ட் மூட்டை எடையுள்ள, உடம்பு முழுக்கத் தசையான ஒரு ஜீவனை எந்த அறையில் வைப்பது, கூண்டைக் கழுவும்போது யார் பிடிப்பது, இதையெல்லாம் குட்டி விற்கிற அன்றைக்கே பேசியாக வேண்டும். பேசுகிறவர்களை நான் பார்த்ததில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ வருகிறது, ஜிபேயில் பணம் போகிறது, ஏதோ ஒரு பஸ்ஸில் அட்டைப்பெட்டி வந்து இறங்குகிறது. அப்புறம் விற்றவர் நம்பர் சுவிட்ச் ஆஃப்.

இப்படித்தான் ஒரு பையன் பால் பைதான் வாங்கினான். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான், அப்பா கல்ஃபில். அது நான்கைந்து அடியோடு நிற்கிற பாம்பு, ராட்சசப் பாம்பு கணக்கில் வராது. ஆனால் பிரச்சினை ஒன்றுதான். பையன் கல்லூரிக்கு ஹாஸ்டல் போய்விட்டான், பாம்பு அம்மா கையில். அந்த அக்கா கடைக்கு வந்து, எலி கிடைக்குமா என்று கேட்க வெட்கப்பட்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். உட்காரவைத்துப் பேசினேன். "தம்பி, இது இன்னும் எத்தனை வருசத்துக்குங்க இருக்கும்?" என்று கேட்டார்கள். இருபது முப்பது வருடம் சாதாரணமாக இருக்கும் என்று சொன்னதும் அவர்கள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் ஒரு பால் பைதான் அறுபது வயதைத் தாண்டி 2020இல் முட்டையே இட்டிருக்கிறது, பல வருடங்களாக ஆண் துணையில்லாமல். அதை அந்த அக்காவிடம் சொல்லவில்லை.

விற்றவர் அந்தப் பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: நீ வீட்டில் இல்லாத அன்றைக்கு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? நம் ஊர்ப் பிள்ளைகள் பதினெட்டு வயதில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள். படிப்பு, வேலை, துபாய், பெங்களூர், பட்டாளம் என்று போய்விடுவார்கள். அதனால் பாம்பை விற்பது அந்தப் பையனுக்கு அல்ல, அவன் வீட்டுக்கு. வீட்டில் எல்லாரும் சரி என்று சொல்லாமல் விற்கவே கூடாது. வேண்டாம் என்று திருப்பிக் கொண்டுவந்தால், ஐந்து வருடம் கழித்து வந்தாலும் சரி, வாங்கி வைத்துக்கொள்ள விற்றவரிடம் இடம் இருக்க வேண்டும். என் கண்ணில் இதுதான் முதல் பொறுப்பு. அந்த இடம் என்னிடம் இல்லை. அதனால்தான் நான் விற்பதில்லை.

வளர்க்கிற வேலைக்கு வருவோம். பாம்பு சும்மா படுத்துக்கிடக்கும், வாரத்துக்கு ஒரு எலி போட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பாம்புக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். கூண்டின் ஒரு முனை 31, 32 டிகிரி, இன்னொரு முனை அதைவிடக் குளிர்ச்சி என்று இருந்தால்தான் அது தனக்குத் தேவையான இடத்தைப் பார்த்துப் படுக்கும். பாலக்காட்டுக் கணவாயில் குடியிருக்கிற நமக்கு ஏப்ரல் வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை, வெளியே 40ஐத் தொடுகிற நாளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காட்டுப் பாம்பு என்றால் பொந்துக்குள் போய்விடும். பெட்டிப் பாம்பு எங்கே போகும்? மார்கழி, தையில் இன்னொரு தொல்லை. கணவாய்க் காற்று அடிக்க ஆரம்பித்தால் உதடெல்லாம் வெடிக்கும் இல்லையா, அதே வறட்சியில் பாம்புக்குச் சட்டை முழுசாக உரியாது, துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு மேலே இருக்கிற மூடியும் உரியாமல் நின்றுவிடும். அதை விரலால் பிய்த்து எடுக்கப் பார்த்தால் கண்ணே போய்விடும். ஈரப்பதத்தைச் சரியாக வைக்கத் தெரிந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வராது, ஆனால் அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

தீனி விஷயமும் அப்படித்தான். தோட்டத்தில் பொறி வைத்துப் பிடித்த எலியைப் போடாதீர்கள். அது எந்தத் தென்னந்தோப்பில் எலி மருந்து தின்றுவிட்டு வந்தது என்று உங்களுக்குத் தெரியாது, அந்த விஷம் பாம்புக்கும் போகும். உயிரோடு எலியைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவதும் தப்பு. பசி இல்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். பெரிய பாம்பு என்றால் எலியில் ஆரம்பித்து முயலில் நிற்கும், மாதாமாதம். தின்ற பிறகு இரண்டு நாளாவது தொடக் கூடாது. கூண்டைத் தொட்ட கையோடு சமையலறைக்குப் போகக் கூடாது, சால்மோனெல்லா கிருமி ஊர்வனவற்றின் உடம்பில் சாதாரணமாக இருக்கும். சளி பிடித்து வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, வாய் புண்ணானாலோ காட்டுவதற்கு டாக்டர் வேண்டும். நம் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைகள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் பழகியவை, பாம்பு பார்க்கிறவரைத் தேடித் திருச்சூர் பக்கம் மண்ணுத்தியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக நேரலாம்.

எட்டு அடிக்கு மேல் வளர்ந்த பாம்பைத் தனி ஆளாகக் கையாளக் கூடாது என்று அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் எல்லா நாட்டிலும் சொல்வார்கள். விஷமில்லை என்று சொல்லி விற்கிறவர் இதைச் சொல்வதில்லை. இறுக்கிப் பிடிக்கிற பாம்பு மூச்சை மட்டும் நிறுத்துவதில்லை, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும், அதனால் நினைவு தப்பச் சில வினாடிகள் போதும். 2009இல் ஃபுளோரிடாவில் இரண்டு வயதுப் பெண் குழந்தை வீட்டில் வளர்த்த பர்மா மலைப்பாம்பால் இறந்தது. எட்டரை அடிதான் இருந்தது அது, தீனி சரியாகப் போடாமல் மெலிந்து கிடந்த பாம்பு. 2013 ஆகஸ்டில் கனடாவின் கேம்பெல்டன் ஊரில், விலங்குக் கடைக்கு மேலே இருந்த வீட்டில் தூங்கிய இரண்டு சிறுவர்கள், நான்கு வயதும் ஆறு வயதும், கூண்டிலிருந்து தப்பிக் காற்றுக் குழாய் வழியாக வந்த ஆப்பிரிக்க மலைப்பாம்பால் இறந்தார்கள். நானும் கடைக்கு மேலே குடியிருக்கிறவன்தான். அந்தச் செய்தியைப் படித்த பிறகு கூண்டுக்குப் பூட்டு என்பதை வெறும் வசதியாக என்னால் நினைக்க முடிவதில்லை.

வளர்த்து முடியாமல் போனால் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பதற்கும் ஃபுளோரிடாதான் பாடம். வளர்க்க முடியாமல் விட்டவையும் தப்பியவையுமாகச் சேர்ந்து எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மா மலைப்பாம்பு குடும்பம் பெருக்கி, 2000 வாக்கில் அது நிலையாகத் தங்கிவிட்டது என்று ஒப்புக்கொண்டார்கள். 2012இல் வந்த ஒரு ஆய்வு, பாம்பு அதிக காலமாக இருக்கிற பகுதிகளில் ரக்கூன் என்ற சின்னப் பாலூட்டி கண்ணில் படுவது 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாகச் சொன்னது. அதே வருடம் அமெரிக்க அரசு பர்மா மலைப்பாம்பு, மஞ்சள் அனகோண்டா, ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகைகளை வெளியிலிருந்து கொண்டுவரத் தடை போட்டது. பாம்பு காட்டுக்குள் போய்ப் பல வருடம் கழித்து! இன்றைக்கும் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆசியாவிலிருந்து அந்தப் பாம்புகளோடு போன ஒரு நுரையீரல் ஒட்டுண்ணி அந்த ஊர்ப் பாம்புகளையும் பிடித்துவிட்டது. நம் ஆழியாறும் பரம்பிக்குளமும் நெல்லியாம்பதி அடிவாரமும் வெப்பமும் ஈரமும் உள்ள இடங்கள். வெளியூர்ப் பாம்பு ஒன்றை அங்கே விட்டால் அது பிழைக்காது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? பர்மா மலைப்பாம்பும் நம் மலைப்பாம்பும் கலந்து குட்டி போடக்கூடிய நெருங்கிய சொந்தம் வேறு.

சட்டம் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் மலைப்பாம்பு, மலையாளத்தில் பெரும்பாம்பு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வாழைத்தோப்பில் கிடைத்த குட்டியை வீட்டில் வைத்தாலும் விற்றாலும் 3 முதல் 7 வருடம் வரை சிறை. "சேட்டா, தோட்டத்தில் கிடைத்ததுதானே" என்ற பேச்சு அங்கே எடுபடாது. வெளிநாட்டுப் பாம்பென்றால் கேட்க ஆளில்லை என்ற காலமும் போய்விட்டது. 2022இல் திருத்திய சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, அரிய உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்குத் தனி அட்டவணை வந்தது, அவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதிகளும் வந்தன. பால் பைதான், போவா, அனகோண்டா எல்லாம் அதில் அடக்கம். கைமாற்றினாலும் குட்டி பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும். பில்லும் பதிவும் இல்லாமல் வருகிற பாம்பு எப்படி வந்திருக்கும் என்று தெரிய விமான நிலையச் செய்திகளைப் பார்த்தால் போதும். 2023 ஜூலையில் திருச்சியில் ஒரே பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள், 2024 ஏப்ரலில் பெங்களூரில் பெட்டிக்குள் 10 மஞ்சள் அனகோண்டாக்கள். எத்தனை மணி நேரம் தண்ணீர் இல்லாமல், மூச்சு விட இடமில்லாமல் வந்திருக்கும் அவை. வாங்குகிறவர் கொடுக்கிற காசுதான் அடுத்த பெட்டிக்கு டிக்கெட் எடுக்கிறது.

காகிதம் எல்லாம் சரியாக வைத்துக்கொண்டு, ஆறு மாதம் படித்துவிட்டு, வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டு ஒரு பால் பைதானை நன்றாக வளர்க்கிறவர்கள் இருக்கலாம், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ராட்சச வகைகள் மட்டும் வேண்டாம். தனி அறை, இரண்டாவது ஆள், அவசரத்துக்கு டாக்டர், இருபத்தைந்து வருடம், இத்தனையும் உள்ள வீட்டை இந்தப் பக்கத்தில் நான் இதுவரை பார்க்கவில்லை.

ஏற்கெனவே வாங்கிவைத்துவிட்டு முழிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: இன்றைக்கே கூண்டுக்குப் பூட்டுப் போடுங்கள், குழந்தைகள் தூங்குகிற அறையிலிருந்து அதை மாற்றுங்கள். சாக்கில் கட்டிக்கொண்டு போய் ஆற்றிலோ காட்டிலோ விட்டுவிடாதீர்கள், ராத்திரியோடு ராத்திரியாக இன்னொருவர் தலையில் கட்டிவிடவும் செய்யாதீர்கள். பாம்பு தப்பிவிட்டால் வெட்கப்படாமல் உடனே அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். கேரளப் பக்கம் என்றால் வனத்துறையின் சர்ப்பா செயலியில் பக்கத்தில் இருக்கிற, பயிற்சி பெற்ற பாம்பு பிடிப்பவரின் நம்பர் கிடைக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் வனத்துறையோ தீயணைப்பு நிலையமோ வரும். ஒப்படைக்க வனத்துறை ரேஞ்ச் ஆபீஸுக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தால் முதலில் ஒரு வக்கீலிடம் பேசுங்கள், அப்புறம் கடைக்கு வாருங்கள், நானும் கூட வருகிறேன்.